கதவோரம் போன பெயர்

பூவரிசை: அத்தியாயம் 17

சென்ற வாரம் மிசுஸுவைத் துக்கக் காரியங்கள் நடக்கும் மண்டபத்து வாசலில் ஈரக் குடையோடு விட்டுவிட்டு வந்தோம். குடை இன்னும் காயவில்லை. அதற்குள் ஓகிமுரா குடும்பத்தில் அடுத்த கலவரம் ஆரம்பித்துவிட்டது.

நடுவில் வந்து சேர்ந்துகொள்பவர்களுக்காக ஒரு வார்த்தை. ஜப்பானில் தகாவோகா ஊரில் ஓகிமுரா சகோதரர்கள் இருவர். மூத்தவர் குனிஹிகோ. இளையவர் தெத்சுரோ, நம் மிசுஸுவின் அப்பா. தாயார் படுத்த படுக்கையானபோது ஏழு வருடம் கூட இருந்து பார்த்துக்கொண்டது மூத்தவரின் மனைவி தோமியே. இளையவர் எட்டிப் பார்க்கவில்லை. 'கம்ப்யூட்டர்ல இந்த புரோகிராம் எழுதி முடியட்டும், வர்றேன்' என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். புரோகிராம் முடிவதற்குள் தாயார் முடிந்துபோனார். அந்தக் காரியத்தோடு அண்ணன் தம்பி பேச்சும் நின்றது.

முந்தாநாள் விடிகாலையில் அண்ணன் போய்விட்டார். தோமியேவே தெத்சுரோவுக்கு போன் செய்து, "வந்துடு" என்று ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அந்த ஒரு சொல்லை நம்பி தெத்சுரோ கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு எரிப்பதற்கு முந்தின மாலை நடக்கும் வழிபாட்டுக்கு வந்தார். மண்டபத்துக்குள் நுழைந்தார். நுழைந்த வேகத்திலேயே திரும்பி நடந்து காரில் போய் உட்கார்ந்துகொண்டார்.

இந்தச் சேதியைக் கொண்டு வந்தவர் அம்மா ஹருயோ.

"உங்கப்பா கார்ல ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கார். எறங்க மாட்டேங்கறார். சீட் பெல்ட் வேற போட்டுக்கிட்டாச்சு."

"ஏம்மா? இப்பதானே உள்ள வந்தார்?"

"உள்ள போய் நீயே பாரு. அவர் பேரு எங்க நிக்குதுன்னு பாரு. அப்புறம் என்னைக் கேளு."

மிசுஸு உள்ளே போனாள்.

நடுவில் பெரியப்பாவின் போட்டோ. மீன் பிடிக்கப் போன இடத்தில் எடுத்தது, வாய் கொள்ளாத சிரிப்பு. அதன் இரு பக்கமும் வெள்ளைச் சாமந்திக் கூடைகள் உயரமான கால்களில் வரிசையாக நின்றன. ஒவ்வொரு கூடைக்கும் மேலே மரப்பலகையில் கொடுத்தவர் பெயர். போட்டோவுக்கு வலது பக்கம் ஒட்டி நிற்பது முதல் கூடை. இடது பக்கம் ஒட்டி நிற்பது இரண்டாவது. மூன்றாவது மறுபடி வலது, நாலாவது இடது. இப்படியே வாசல் வரை போகும். உள்ளே வருகிறவர்கள் போட்டோவைப் பார்க்கிறார்களோ இல்லையோ, பலகைகளைப் படித்துவிடுவார்கள். யார் எவ்வளவு நெருக்கம் என்பது அங்கே ஊரறிய எழுதி நிற்கிறது.

பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவிக்கு அடுத்தபடி தம்பிதான். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

வலது பக்கம் முதல் கூடை, மனைவி தோமியே. சரி. இடது பக்கம் இரண்டாவது கூடை, பழைய ஆபீஸ் நண்பர்கள். அதற்கப்புறம் பேட்டைச் சங்கம், மீன்பிடி நண்பர்கள், பல் டாக்டர், நாய் வைத்தியர். நாய் வைத்தியரையும் தாண்டி, கதவோரம், குடை போடும் தொட்டிக்குப் பக்கத்தில் கடைசிக் கூடை நின்றது.

'தம்பி ஓகிமுரா தெத்சுரோ.'

மிசுஸுவுக்குப் பயமாக இருந்தது. அப்பாவுக்காகக் கொஞ்சம், தனக்காக நிறைய. ஏனென்றால் இந்த வரிசையைப் போட்டது அவர்கள் வீட்டு புரோகிராம்.

தெத்சுரோ எழுதியது அது. அந்த வட்டாரத்து மண்டபங்கள் பலவற்றில் இன்னும் அதுதான் ஓடுகிறது. மற்ற புரோகிராம்களில் பெயர்கள் மேலிருந்து கீழாகப் பட்டியலாக வரும். தெத்சுரோவுக்கு அது பிடிக்கவில்லை. திரை நடுவே போட்டோ, இரு பக்கமும் கூடைகள், கூடைக்கு மேல் பலகை என்று மண்டபத்தை அப்படியே தன் கையால் வரைந்து வைத்தார். வேறெங்கும் வாங்கக் கிடைக்காத சரக்கு என்று அவருக்குப் பெருமை. பெருமை நியாயமானதுதான். ஆனால் ஒருவரை இடம் மாற்ற வேண்டுமென்றால் அவர் பெயருக்கு நேரே எண்ணைத் தட்ட வேண்டும். ஐந்தை இரண்டாக்கினால் இரண்டை மூன்றாக்க வேண்டும், மூன்றை நாலாக்க வேண்டும். மண்டபத்துக்காரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இத்தனை வருடமும் தட்டினார்கள்.

தோக்கியோ வேலையை விட்டுவிட்டு வந்த மிசுஸு இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். பெயரின் மேல் மவுஸை அழுத்தி, இழுத்துக்கொண்டு போய், வேண்டிய இடத்தில் விட்டால் ஆயிற்று. உலகம் முழுக்க அப்படித்தான் செய்கிறார்கள். "நம்ம வீட்டு ஸ்கிரீன்ல மட்டும் ஏம்ப்பா பேரு ஆணி அடிச்ச மாதிரி நிக்குது?"

"ஆணி அடிச்சாத்தான் நிக்கும்" என்றார் தெத்சுரோ.

அப்பா கையால் வரைந்த படம் என்பதால் அதில் இழுக்கும் வசதி எதுவும் தானாக வராது. மவுஸ் எந்தப் பலகை மேல் இருக்கிறது, கை இழுக்கிறதா சும்மா அழுத்துகிறதா, இழுக்கும்போது பெயரின் நிழல் கூட வர வேண்டும், எங்கே விழும் என்று முன்கூட்டியே ஒரு கோடு காட்ட வேண்டும். எல்லாவற்றையும் அவளே எழுதினாள். இலையுதிர் காலம் முழுக்க அதிலேயே போனது. நாலு நாளைக்கு முன்னால்தான் இந்த மண்டபத்தில் ஏற்றினார்கள். யாராவது செத்தால்தான் சோதித்துப் பார்க்க முடிகிற புரோகிராம். முதல் சோதனைக்குப் பெரியப்பாவே வந்து படுப்பார் என்று அவள் நினைக்கவில்லை.

அவள் நேராக அலுவலக அறைக்குப் போனாள். மண்டப மேனேஜர் ஹமதானி, வழிபாடு நடத்த வரும் புத்த பிக்குவுக்கு வைக்க வேண்டிய தேநீர்க் கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தார். எழுபதை நெருங்கும் மனிதர். கோப்பையும் தட்டும் அவர் கையில் கடகடவென்று பேசிக்கொண்டன.

"ஹமதானி சார், அப்பா பேரு ஏன் கதவுகிட்ட இருக்கு?"

ஹமதானி கோப்பையைக் கீழே வைத்தார்.

"பார்த்தேன்மா."

"பார்த்தீங்களா? பார்த்துட்டுமா சும்மா இருந்தீங்க?"

"நேத்து சாயங்காலம் உங்க பெரியம்மா இங்க உக்காந்து வரிசையைப் பார்த்தாங்க. பார்த்துட்டு 'சரி'ன்னாங்க. காரியம் நடத்தறவங்க சரின்னு சொன்னப்புறம் 'உங்க கொழுந்தன் ஏன் கடைசில இருக்கார்'னு நான் எப்படிக் கேக்கறது? என் தொழில்ல அந்தக் கேள்வி கிடையாதும்மா."

அது உண்மைதான். ஒவ்வொரு வீட்டிலும் என்னென்ன புகைந்துகொண்டிருக்கும் என்று அவருக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டிருப்பதற்குத்தான் பாதிச் சம்பளம்.

மிசுஸு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். புதிதாக வாங்கி வைத்திருந்த திரை, மயிரிழைகூடத் துல்லியமாகத் தெரிகிற ரகம். வேறொரு வீட்டின் பழைய வரிசையைத் திறந்து, இரண்டாவது பெயரின் மேல் மவுஸை வைத்தாள். வேண்டுமென்றே கையைக் கொஞ்சம் நடுங்கவிட்டு அழுத்தினாள்.

பெயர் கையோடு வந்துவிட்டது. பலகைக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் நழுவி விழுந்தது. விழுந்த உடனே வரிசையின் கடைசிக்குப் போய் ஒட்டிக்கொண்டது.

இன்னொரு முறை செய்தாள். இன்னொரு முறையும் அப்படியே போனது.

இரண்டு இடத்தில் அவள் தப்பு செய்திருந்தாள். மவுஸ் எவ்வளவு நகர்ந்தால் இழுக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வது? நாலு புள்ளி போதும் என்று தன் இஷ்டத்துக்கு வைத்திருந்தாள். இந்தத் திரையில் நாலு புள்ளி என்பது மூச்சு விட்டாலே தாண்டிப்போகிற தூரம். அடுத்தது, வெற்றிடத்தில் விட்டால் பழைய இடத்துக்கே திருப்பி அனுப்பாமல் கடைசியில் சேர்க்கும்படி எழுதியிருந்தாள். புதுப் பெயர்களைச் சேர்க்க வசதியாக இருக்கும் என்று அப்போது தோன்றியது.

அவள் ஹமதானியின் கையைப் பார்த்தாள். ஹமதானியும் தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

"நீங்க பெரியம்மாகிட்டக் காட்டும்போது கிளிக் பண்ணியிருப்பீங்க சார். கை நழுவியிருக்கும். உங்க தப்பில்ல, என் தப்பு."

ஹமதானி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு தலையைக் குனிந்தார்.

"என் கை நடுங்கத்தான் செய்யுதும்மா."

"உடனே மாத்திடலாம். ஆட்களைக் கூப்பிடுங்க."

"ஒரு வார்த்தை பெரியம்மாகிட்ட..."

"இதுக்குப் போய் அவங்களைத் தொந்தரவு பண்ணணுமா? மெஷின் பண்ண தப்புதானே. அவங்க எந்த நெலமையில இருக்காங்க!"

ஹமதானி ஆட்களைக் கூப்பிடப் போனார்.

மிசுஸு அப்பாவின் பெயரைப் பிடித்து, இந்த முறை மெதுவாக, முழுப் பாதையும் இழுத்துக்கொண்டு வந்து, போட்டோவின் இடது பக்கம் விட்டாள். திரையில் கண் சிமிட்டுவதற்குள் முடிந்தது. மண்டபத்தில் அப்படி முடியவில்லை. ஒருவரை நடுவில் செருகினால் அவருக்குப் பின்னால் நிற்பவர்கள் அத்தனை பேரும் பக்கம் மாற வேண்டும். வலதில் இருந்தவர் இடதுக்கு, இடதில் இருந்தவர் வலதுக்கு. கறுப்புக் கோட்டு ஆட்கள் சாமந்திக் கூடைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் ஓடினார்கள். பல் டாக்டரும் நாய் வைத்தியரும் நடுவழியில் மோதிக்கொண்டார்கள். பார்க்கச் சிரிப்பாக இருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

கடைசிக் கூடை இடத்தில் நின்றதும் அவள் காருக்கு ஓடினாள்.

வெளியே பனியும் மழையும் கலந்து அடித்துக்கொண்டிருந்தது. தெத்சுரோ காரின் முன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஹருயோ பின் சீட்டில். இருவரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா, அது பெரியம்மா பண்ணதில்ல."

"சும்மா இரு. கூப்பிட்டு வெச்சு மூக்கை அறுத்திருக்காங்க. ஊர்ப்பட்ட ஜனம் படிச்சாச்சு. நான் வீட்டுக்குப் போறேன்."

"அண்ணன் மூஞ்சியைக்கூடப் பாக்காமலா?" என்றார் ஹருயோ பின்னாலிருந்து.

"பாத்து?"

அந்த 'பாத்து'வில் அவர் குரல் உடைந்தது. மிசுஸு அதைக் கேட்டாள். நாளை எரித்துவிடுவார்கள். இன்று இறங்காவிட்டால் அவ்வளவுதான், பெரியப்பாவை இனிப் பார்க்க முடியாது. அந்தப் பயம் அப்பாவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. வீம்பு அதைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

"நான் பண்ண தப்புப்பா. சோதிச்சுப் பாத்துட்டேன். பேரைக் கொஞ்சம் அழுத்தி கை நழுவினாலே கடைசிக்குப் போயிடுது. ஹமதானி சார் கை நடுங்குதில்ல? நேத்து அதான் நடந்திருக்கு. இப்ப சரி பண்ணியாச்சு."

தெத்சுரோ மெல்லத் திரும்பினார்.

"எத்தனை புள்ளி வெச்சிருந்தே?"

"நாலு."

"நாலா? அந்த ஸ்கிரீன்லயா?"

"ம்."

"அதுக்குன்னு விண்டோஸே ஒரு அளவு வெச்சிருக்கே, அதைக் கேட்டு வாங்கிக்க வேண்டியதுதானே! நீயா ஏன் ஒரு நம்பரை எழுதினே?"

"போதும்னு நெனச்சேன்."

"நெனச்சியா? வெத்து எடத்துல விட்டா?"

"கடைசில சேத்துக்கும்."

"கடைசிலயா! பழைய எடத்துக்குத் திருப்பி அனுப்பணும்னு உனக்குத் தோணலையா? தோக்கியோவுல இதைத்தான் கத்துக் குடுத்தாங்களா? நம்பர் தட்டற வரைக்கும் ஒரு பூ வழி தப்பிப் போனதில்ல!"

திட்டத் திட்ட அவர் முகத்தில் ரத்தம் ஓடத் தொடங்கியது. அண்ணி அவமானப்படுத்தவில்லை, மகள்தான் மடத்தனமாக எழுதியிருக்கிறாள் என்பது அவருக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று பார்த்தாலே தெரிந்தது. மகளின் மடத்தனத்தை அவரால் தாங்கிக்கொள்ள முடியும்.

"நாளைக்கே அதைப் புடுங்கி எறி."

மிசுஸுவுக்குச் சுருக்கென்றது. ஒரு இலையுதிர் காலம் முழுக்க உட்கார்ந்து எழுதியது. ஆனால் இப்போது வாதாடினால் அவர் இறங்க மாட்டார்.

"எடுத்துடறேம்ப்பா."

சீட் பெல்ட் கழன்றது.

உள்ளே வந்த தெத்சுரோ வாசலில் ஒரு கணம் நின்றார். கண் கதவோரம் போயிற்று, பிறகு போட்டோவின் இடது பக்கம் போயிற்று. தன் பெயரைப் படித்தார். தோள்கள் இறங்கின. நேராக நடந்து போய்ப் சவப்பெட்டியின் முகப்பக்கத்துச் சின்னக் கதவு வழியே அண்ணன் முகத்தைப் பார்த்தார்.

"என்னண்ணா, முடியெல்லாம் கொட்டிடுச்சு உனக்கு" என்றார்.

ஹருயோ கைக்குட்டையை நீட்டினார். வாங்கிக்கொண்டு துடைக்க மறந்து, அதைப் பிடித்துக்கொண்டே அழுதார்.

மிசுஸு இரண்டடி தள்ளி நின்றாள். திட்டு வாங்கினாலும் பரவாயில்லை என்றிருந்தது அவளுக்கு. நல்ல காரியம் செய்த நிம்மதியோடு, உறவினர் அறைக்குக் கோப்பைகள் எடுக்கப் போனாள்.

தோமியே அங்கே தனியாகப் பாயில் முழங்கால் மடித்து உட்கார்ந்திருந்தார். கறுப்பு கிமோனோ. முன்னால், துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கும் கறுப்புப் பயறு போட்ட ஒட்டரிசிச் சோற்றுப் பெட்டிகள் அடுக்கி இருந்தன. அவற்றைத் துணியால் மூடிக்கொண்டிருந்தார்.

"கூடையெல்லாம் ஓடுச்சே, என்ன?" என்றார் தலை நிமிராமல்.

"மன்னிச்சுக்கோங்க பெரியம்மா. என் புரோகிராம்ல ஒரு கோளாறு. ஹமதானி சார் கை நழுவி, அப்பா பேரு கடைசிக்குப் போயிடுச்சு. இப்ப சரி பண்ணிட்டேன்."

தோமியே துணியின் மூலையை இழுத்துவிட்டார்.

"ஹமதானி கையை ஏன்டி குத்தம் சொல்றே? அவர் டீ போடப் போயிருந்தார். மவுஸ் என் கையில இருந்துச்சு."

மிசுஸுவுக்கு முதலில் புரியவில்லை.

"உங்க கை நழுவிடுச்சா?"

"நழுவல. இழுத்தேன்."

வெளியே யாரோ ஊதுவத்தி ஏற்றி மணி அடித்தார்கள்.

"முன்னாடியெல்லாம் நம்பர் தட்டுவாங்க. அப்படின்னா ஹமதானிகிட்ட வாயைத் தொறந்து சொல்லணும். 'என் கொழுந்தனைக் கொண்டுபோய்க் கடைசில போடுங்க'ன்னு. செத்தாலும் எனக்கு அது வாயில வராது. நேத்து யாரும் என்னை எதுவும் கேக்கல. பேரு மேல வெச்சு அழுத்தினேன், கூடவே வந்துச்சு. எங்க விடறதுன்னு கொஞ்ச நேரம் புடிச்சுக்கிட்டே இருந்தேன். அப்புறம் கதவுகிட்டக் கொண்டுபோய் விட்டேன். ஒரு சத்தம் இல்ல."

"பெரியம்மா..."

"ஏழு வருஷம் அத்தைக்குத் துணி அலசியிருக்கேன். அவங்க காரியத்துல மூத்த மகன்னு ஒரு கூடை, இளைய மகன்னு ஒரு கூடை. உங்கப்பா அன்னிக்கு வந்து, அன்னிக்கே முன்வரிசையில நின்னார். நான் உள்ள கப் கழுவிக்கிட்டிருந்தேன். என் பேரு எந்தப் பலகையிலயும் இல்ல. அன்னிக்கும் நான் வாயைத் தொறக்கல."

"அப்புறம் ஏன் அப்பாவை வரச் சொன்னீங்க?"

"உங்க பெரியப்பா கேட்டார்டி. கடைசி வாரம் முழுக்க, 'தெத்சுரோ வந்தானா, தெத்சுரோ வந்தானா'ன்னு. அவருக்காகக் கூப்பிட்டேன். கூடை விஷயம் எனக்காக."

மிசுஸு பாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் கண்டுபிடித்த கோளாறு உண்மையான கோளாறுதான். யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். ஆனால் நேற்று அது யாரையும் ஒன்றும் செய்யவில்லை. இழுத்து விட்டவர் எங்கே விட நினைத்தாரோ அங்கேதான் பெயர் விழுந்திருக்கிறது. அவள் எழுதியது ஒழுங்காக வேலை செய்திருக்கிறது.

"நான் கேட்டிருக்கணும்" என்றாள்.

"ஆமா. என் ஆயுசுல நானா ஒரு பேரை ஒரு எடத்துல வெச்சேன். நீ வந்து மாத்திட்டே. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் மிசுஸு எப்படியோ தாங்கியிருப்பாள்.

கதவு நகர்ந்தது. தெத்சுரோ வாசலில் மண்டியிட்டு, பாயில் கை ஊன்றி, நெற்றி படக் குனிந்தார். கண்கள் வீங்கி இருந்தன.

"அண்ணி, நான் வாய் தொறக்க யோக்கியதை இல்லாதவன். இருந்தாலும் என்னை ரெண்டாவதா வெச்சீங்களே. அது போதும் எனக்கு."

மிசுஸு பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பெரியம்மா 'சரி' என்று ஒரு தலையசைப்பு அசைத்தால் போதும். எல்லாம் அப்படியே போய்விடும்.

தோமியே தலையசைக்கவில்லை.

"நான் வெக்கல, தெத்சுரோ. உன் பொண்ணு வெச்சா."

தெத்சுரோ நிமிர்ந்தார்.

"நீங்க?"

"கதவுகிட்ட."

அவர் மகளைப் பார்த்தார். மிசுஸு, 'எனக்கு அப்போ தெரியாதுப்பா' என்று சொல்ல நினைத்தாள். அதற்குள் அவர் எழுந்தார். காருக்குப் போய்விடப் போகிறார் என்று அவள் பின்னாலேயே ஓடினாள்.

மண்டபத்தில் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். பழைய ஆபீஸ் நண்பர்கள், மீன்பிடிக்காரர்கள், பேட்டைக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். தெத்சுரோ அவர்கள் நடுவே நேராகப் போட்டோவிடம் போனார். தன் பெயர் போட்ட கூடையைக் காலோடு சேர்த்துத் தூக்கினார். ஹமதானி ஓடி வந்தார். தெத்சுரோ தலையசைத்து அவரை நிறுத்தினார். தானே சுமந்துகொண்டு நடந்தார். பூ கண்ணை மறைத்ததால் நாற்காலிகளில் இடித்துக்கொண்டே போனார். கதவோரம், குடைத் தொட்டிக்குப் பக்கத்தில் கூடையை இறக்கி, பலகையை நேராகத் திருப்பி வைத்தார். அதன் பக்கத்தில் இருந்த கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஊரே பார்த்தது. ஹருயோ போய் அவர் பக்கத்தில் அமர்ந்தார்.

போகவில்லை, இருக்கிறார் என்பது மட்டும் மிசுஸுவுக்குத் தெரிந்தது. அதற்கு நன்றி சொல்வதா அழுவதா என்று தெரியாமல் நடுவழியில் நின்றாள். போட்டோவுக்கு இடது பக்கம் கூடை அளவு இடம் காலியாகத் தெரிந்தது.

தோமியே முன்வரிசைக்கு வந்து சேர்ந்தார். அந்தக் காலி இடத்தைப் பார்த்தார். திரும்பிக் கதவுப் பக்கம் பார்த்தார். பிறகு மிசுஸுவை விரலசைத்துக் கூப்பிட்டார்.

"பூ அங்கேயே இருக்கட்டும். அது என் முடிவு, மாத்தாதே."

"சரி பெரியம்மா."

"ஆனா ஆளை இங்க வந்து உக்காரச் சொல்லு. என் பக்கத்துல. உங்க பெரியப்பா தேடின ஆளு, அவர் கண்ணு முன்னாடி இருக்கட்டும்."

பிக்கு வருவதற்கு அடையாளமாக மணி ஒலித்தது. எல்லோரும் கைகூப்பித் தலை குனிந்தார்கள். மிசுஸு குனிந்துகொண்டே, சுவரை ஒட்டிக் கடைசி வரிசைக்கு ஓடினாள். அப்பாவின் காதருகே மண்டியிட்டாள்.

"அப்பா, பெரியம்மா கூப்பிடறாங்க. முன்னாடி வந்து அவங்க பக்கத்துல உக்காரச் சொன்னாங்க."

தெத்சுரோ போட்டோவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிக்கு உள்ளே வந்து இருக்கையில் அமர்ந்தார். முன்வரிசையில் தோமியேவுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

"எந்திரிங்கப்பா. ஆரம்பிக்கப் போறாங்க."

அவர் மெதுவாகத் திரும்பி மகளின் முகத்தைப் பார்த்தார்.

"நெஜமாவே அவங்க சொன்னாங்களா? இல்ல, என் பேரை வெச்ச மாதிரி இதுவும் நீயா கொண்டுபோய் வெக்கறதா?"